கெஸ்விக் கூட்டங்களுக்கு எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த அனைவருக்கும்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே,

கெஸ்விக்கிலிருந்து திரும்பி, ஈரத் துணியெல்லாம் காயப்போட்டு, டியூட்டிக்கும் போக ஆரம்பித்துவிட்டேன். உங்களில் பலருக்குத் தனியாக நன்றி சொல்லியிருக்கிறேன். ஆனாலும் நாலு பேர் பார்க்கும்படி எழுதினால்தான் எனக்கு மனசு ஆறும். ஊரில் எங்களுக்காக ஜெபித்தவர்களுக்கு இங்கே இங்கிலாந்தில் யார் யார் கைகொடுத்தார்கள் என்று தெரியாது. கைகொடுத்தவர்களில் பாதிப் பேருக்கு மற்றவர் செய்தது தெரியாது.

கெஸ்விக் இங்கிலாந்தின் வடமேற்கே, மலையும் ஏரியுமான லேக் டிஸ்ட்ரிக்ட்டில் இருக்கிற சின்ன ஊர். 1875இல் அங்குள்ள பரிசுத்த யோவான் ஆலயத்தின் குருவானவர் ஹார்ஃபோர்ட்-பேட்டர்ஸ்பியும், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ராபர்ட் வில்சனும் கூடாரம் போட்டு முதல் கூட்டத்தை நடத்தினார்கள். 2025ஓடு 150 ஆண்டு. இப்போது கோடையில் மூன்று வாரம் நடக்கிறது. காலையில் வேதபாடம், இரவில் ஆராதனை, நடுவில் குடும்பம், வேலை, சமுதாயம் என்று இன்றைக்கு விசுவாசியை நெருக்குகிற காரியங்களைப் பற்றிய வகுப்புகள். வேதம் தேவனுடைய வார்த்தை, காலம் மாறினாலும் அதன் அதிகாரம் மாறாது என்று நம்புகிறவர்கள் கூடும் இடம் அது. நானும் அப்படி நம்புகிறவள். கூட்டத்துக்குக் கட்டணம் கிடையாது, எல்லாம் காணிக்கையில் நடக்கிறது. ஆனால் ஜூலை மாதத்தில் அந்த ஊரில் தங்க அறை எடுப்பது செவிலியர் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, மூட்டுவலி வேறு. நீங்கள் எல்லாரும் இல்லாவிட்டால் இந்தப் பயணம் பேச்சோடு நின்றிருக்கும்.

முதல் நன்றி என் வார்டில் வேலை செய்யும் மலையாளி சேச்சிக்கு. பள்ளிகள் விடுமுறை விடுகிற சமயத்தில் யாரும் ஷிஃப்ட் மாற்றித் தரமாட்டார்கள். சேச்சி என் இரவு டியூட்டிகளைத் தன் பெயரில் எழுதச் சொல்லிவிட்டு, "அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ, அங்கே எனக்காகவும் ஜெபி" என்றார். அவருடைய இளைய பையனுக்கு அந்த வாரம் காய்ச்சல் என்பதை வேறொருவர் சொல்லித்தான் பிறகு தெரிந்துகொண்டேன். சேச்சி, அந்தக் கடன் என் கணக்கில் இருக்கிறது. கிறிஸ்துமஸ் இரவு டியூட்டி என்னுடையது, இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தமிழ் ஐக்கியத்தின் சகோதரர்களுக்கும் சகோதரிகளுக்கும் நன்றி. ரயில் டிக்கெட்டுக்கு ஒருவர், ஸ்டேஷன்வரை காருக்கு ஒருவர், வழிக்குப் புளியோதரை கட்டிக்கொடுக்க ஒருவர் என்று பங்கு போட்டுக்கொண்டீர்கள். கெஸ்விக்கில் ரயில் நிலையம் 1972இலேயே மூடப்பட்டுவிட்டது. பென்ரித்தில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். அம்மா ஏறி உட்கார்ந்து, நான் பெட்டியை ஏற்றி முடிக்கும்வரை வண்டியை எடுக்காமல் காத்திருந்த ஓட்டுநருக்கும் என் நன்றி, அவர் இதைப் படிக்கப்போவதில்லை என்றாலும்.

இனி, எங்களுக்கு வீட்டைத் திறந்துவிட்ட பெரியவர்கள் இருவர். இவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். எங்களை முன்பின் தெரியாது. எங்கள் ஐக்கியத்துச் சகோதரி ஒருவர் சொன்ன ஒரே வார்த்தைக்காகத் தங்கள் படுக்கையறையையே ஒழித்துத் தந்தார்கள். அம்மாவால் மாடிப்படி ஏற முடியாது என்று கேள்விப்பட்டு அவர்கள் மாடிக்குப் போய்விட்டார்கள், அவர்களுக்கும் எண்பதை நெருங்குகிற வயது. ஜூலைதான், ஆனாலும் அந்த மழையிலும் காற்றிலும் அம்மா நடுங்கிப்போனார்கள். முதல் நாள் இரவு போர்வையை விலக்கினால் உள்ளே ரப்பர் பையில் வெந்நீர் நிரப்பி, கம்பளி உறை போட்டு வைத்திருந்தார்கள். சரி, விருந்தாளி வந்த முதல் நாள் மரியாதை என்று நினைத்தேன். கிளம்பும்வரை ஒரு ராத்திரிகூட அது தவறவில்லை. அந்த ஐயாதான் நிரப்பி வைத்தார், நாங்கள் பார்க்காத நேரமாகப் பார்த்து.

ஒரு மாலை கூட்டத்துக்குப் போகாமல் அம்மா அவர்களோடு வீட்டில் இருந்தார்கள், நானும் துணைக்கு இருந்தேன். எந்த ஊர் என்று கேட்டார்கள். திருநெல்வேலி மாவட்டம், களக்காட்டுப் பக்கம், டோனாவூருக்குக் கிட்டத்தில் என்றதும் அந்த ஐயா எழுந்தே நின்றுவிட்டார். டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரை நம் ஊரில் தெரியாதவர்கள் இல்லை, ஆனால் அவர் எங்கிருந்து எப்படி வந்தார் என்பது பலருக்குத் தெரியாது. அயர்லாந்தில் பிறந்தவர். கெஸ்விக் கூட்டங்களைத் தொடங்கிய அதே ராபர்ட் வில்சன், மனைவியையும் மகளையும் இழந்திருந்தவர், ஏமியைத் தன் வீட்டில் மகளாகவே வைத்துக்கொண்டார். கெஸ்விக் கூட்டத்தார் முதன்முதலில் தங்கள் செலவில் அனுப்பிய மிஷனரி ஏமிதான். 1893இல் ஜப்பானுக்குப் போய், உடம்புக்கு முடியாமல் திரும்பி, 1895இல் இந்தியாவுக்கு வந்தார். 1901இலிருந்து டோனாவூர்தான் வீடு. 1951இல் மரிக்கும்வரை ஒரு தரம்கூடச் சொந்த நாட்டுக்குப் போகவில்லை. வயதான வில்சனுக்கு அந்த மகளை அனுப்பிவைக்க எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். நம் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த கையைப் பற்றியே பேசுகிறோம், அதை அனுப்பிவைத்த வீட்டைப் பற்றிப் பேசுவதில்லை.

அம்மா பிறந்தது அந்த ஆஸ்பத்திரியில்தான், டோனாவூர் பரம சுக சாலையில். அதை நான் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, அந்த ஆன்ட்டி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். கல்லறைமேல் கல் வைக்க வேண்டாம் என்று ஏமி அம்மையார் சொல்லிப்போனதையும், பிள்ளைகள் அங்கே பறவைகளுக்குத் தண்ணீர்த் தொட்டி வைத்து அதில் 'அம்மா' என்று மட்டும் எழுதியதையும் அம்மா சொன்னார்கள். மறுநாள் மழை விட்டதும் அந்த ஐயா எங்களைப் பரிசுத்த யோவான் ஆலயத்துக்கு மெதுவாக நடத்திக் கூட்டிப்போனார். ஆலய வளாகத்திலிருந்து பார்த்தால் கீழே டெர்வென்ட் ஏரி முழுவதும் தெரிகிறது. ஐயா, ஆன்ட்டி, உங்களுக்கு இது தமிழில் இருக்கும். என் மகள் ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவாள். அம்மா உங்கள் இருவர் பெயரையும் குடும்ப ஜெபத்தில் தினமும் சொல்கிறார்கள்.

கூட்டம் நடந்த இடம் பழைய பென்சில் தொழிற்சாலை வளாகம். பக்கத்து மலைப் பள்ளத்தாக்கில் எடுத்த கிராஃபைட்டை வைத்துப் பென்சில் செய்வதில் பேர்பெற்ற ஊர் அது. அங்கே மழையில் நனைந்தபடி வழிகாட்டிக்கொண்டும், நாற்காலி அடுக்கிக்கொண்டும், கழிவறை கழுவிக்கொண்டும் இருந்த தொண்டர்கள் அத்தனை பேருக்கும் நன்றி. அவர்களில் ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு விசேஷமாக. அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. நான் பக்கத்தில் இருந்தால் காதோடு சொல்லுவேன். ஒரு காலையில் நான் வேறொருவரைப் பார்க்கப் போக வேண்டியதாகிவிட்டது. திரும்பி வந்து பார்த்தால், அந்தப் பெண் அம்மாவின் தமிழ் வேதாகமத்தில் பொருளடக்கப் பக்கத்தை விரித்துவைத்து, புதிய ஏற்பாட்டில் ஆறாவது புத்தகம் எது என்று விரலால் எண்ணிக்கொண்டிருந்தாள். மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான், அப்போஸ்தலர், ரோமர். எழுத்து ஒன்றும் தெரியாது, வரிசையும் எண்ணும் மட்டும் தெரியும். பேசுகிறவர் வசனம் சொல்லும்போதெல்லாம் அதிகாரத்தையும் வசனத்தையும் விரலால் தொட்டுக் காட்டினாள். அம்மா அந்த ஒரு மணி நேரமும் தன் பாஷையில் வாசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். மேடைக்கு மேலே இந்தக் கூட்டங்களின் பழைய வசனம் உண்டு, கலாத்தியர் 3:28, 'நீங்களெல்லாரும் கிறிஸ்து இயேசுவுக்குள் ஒன்றாயிருக்கிறீர்கள்.' மகளே, அந்த வசனத்தை நீ அன்றைக்கு எங்களுக்குப் பிரசங்கம் பண்ணினாய்.

வேதபாடம் எடுத்த போதகர்களுக்கும் நன்றி. கதை சொல்லிச் சிரிக்கவைத்து அனுப்பாமல், ஒரு வசனத்திலிருந்து அடுத்த வசனத்துக்கு, அவசரப்படாமல் கூட்டிப்போனீர்கள். 1965இல் ஜான் ஸ்டாட் என்ற லண்டன் போதகர் இதே கூட்டங்களில் ரோமர் 5 முதல் 8 வரையான அதிகாரங்களை எடுத்ததைப் பழைய ஆட்கள் இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள். நம் ஊர் கன்வென்ஷன்களிலும் இப்படி ஒரு காலை வேளையாவது வைக்க வேண்டும் என்று ஆசை. இரவுக் கூட்டத்துக்குச் செலவழிக்கிற மைக் செட் காசில் கொஞ்சம் போதும்.

கடைசியாக ஒருவர். இவரைச் சந்திக்கத்தான் கர்த்தர் என்னை அங்கே அனுப்பினார் என்று நம்புகிறேன்.

நான் முதியோர் வார்டில் வேலை செய்கிறேன். 2025 ஜூன் 20ஆம் தேதி பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மக்களவையில் ஒரு மசோதா 314க்கு 291 என்ற வாக்கில் நிறைவேறியது. ஆறு மாதத்துக்குள் இறந்துவிடுவார் என்று கணிக்கப்பட்ட, 18 வயது நிரம்பிய நோயாளி தானே கேட்டால், உயிரை முடித்துக்கொள்ள மருந்து தரலாம் என்கிற மசோதா. இரண்டு மருத்துவர்களும் ஒரு குழுவும் சம்மதிக்க வேண்டும், மருந்தை நோயாளியே எடுத்துக்கொள்ள வேண்டும். அதன்பின் அது மேலவையான பிரபுக்கள் சபைக்குப் போனது. இதில் பங்கெடுக்க விருப்பமில்லாத மருத்துவர், செவிலியர் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று அதிலேயே இருந்தது. ஆனாலும் அன்றிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. உயிர் கர்த்தர் தந்தது, அதை எடுக்க நமக்கு உரிமையில்லை என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அதே சமயம், வலியில் துடிக்கிறவர் என் கையைப் பிடித்து "போதும்" என்று சொல்லும்போது, என் நம்பிக்கையை அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

டீ குடிக்கிற இடத்தில் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணியிடம் இதைச் சொன்னேன். ஓய்வுபெற்ற ஹாஸ்பிஸ் மருத்துவர், மரணப் படுக்கையில் இருப்பவர்களைப் பராமரித்தே வாழ்நாளைக் கழித்தவர். அடுத்த வகுப்புக்குப் போகாமல் என்னோடு உட்கார்ந்துவிட்டார். சிசிலி சாண்டர்ஸ் அம்மையாரைப் பற்றிச் சொன்னார். முதலில் நர்ஸ், அப்புறம் மருத்துவமனை சமூக சேவகி, அதற்கும் அப்புறம் மருத்துவம் படித்து டாக்டர் ஆனவர். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். வலி வந்து கத்தியபிறகு ஊசி போடாமல், வலி தலைகாட்டும் முன்பே நேரம் தவறாமல் மருந்து கொடுத்தார். உடம்பு வலியோடு மன வலி, குடும்ப வலி, ஆத்துமாவின் வலி எல்லாம் பின்னிக் கிடக்கிறது, அத்தனையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார். அவரை அந்த வேலைக்குத் தள்ளியது அவருடைய கிறிஸ்தவ விசுவாசம்.

அப்புறம் அந்த டாக்டர் என்னிடம் கேட்டார்: "போதும் என்று சொல்கிறவர்களிடம், எது போதும் என்று கேட்டிருக்கிறாயா?" அவர் கேட்டவரையில், பலர் பயந்தது பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவோம் என்பதற்குத்தான் என்றார். அது என் வார்டிலும் அப்படித்தான். இன்னொன்றும் சொன்னார், அது சுட்டது. இங்கே ஹாஸ்பிஸ்களின் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் அரசு தருகிறது. மீதியை மக்கள் நன்கொடையாகத் தர வேண்டும். மசோதாவை எதிர்த்து எம்.பி.க்குக் கடிதம் எழுதுகிற கிறிஸ்தவர்கள், தங்கள் ஊர் ஹாஸ்பிஸுக்கு ஒரு பவுண்டாவது கொடுக்கிறார்களா, ஒரு மணி நேரமாவது போய் உட்காருகிறார்களா என்று கேட்டார். நான் கடிதம் எழுதினேன், அது சரியான காரியம், இன்னும் எழுதுவேன். டாக்டர் சொன்ன மற்றதையும் செய்யாமல் விடக்கூடாது. எங்கள் ஐக்கியத்தில் இதைப் பேசினோம். இந்த மாதக் காணிக்கையில் ஒரு பங்கு எங்கள் ஊர் ஹாஸ்பிஸுக்குப் போகிறது. தன்னார்வலராக அங்கே போக மூன்று அக்காமார் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

டாக்டர் அம்மா, உங்கள் பெயரைக்கூட நான் சரியாகக் கேட்டுக்கொள்ள நேரமில்லை. போன வாரம் வார்டில் ஒரு தாத்தா "போதும்மா" என்றார். எது போதும் என்று கேட்டேன். மகள் தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறாளே, அது போதும் என்றார். மகளை வரச்சொல்லி இருவரையும் பேசவைத்தேன். உங்களுக்கு நன்றி.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். எங்களுக்கு வீடு கொடுத்த அந்தப் பெரியவர்கள் இருவரும் ஜனவரியில் டோனாவூர் பார்க்க வருகிறார்கள். அண்ணன் திருவனந்தபுரத்துக்குக் கார் கொண்டுபோவான். ஞாயிற்றுக்கிழமை நம் ஆலயத்துக்கு வருவார்கள். ஐயாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், வலது பக்கம் உட்கார்ந்து பேசுங்கள். ஆன்ட்டிக்குக் காரம் ஆகாது, ஆனால் அம்மா செய்த தேங்காய்ச் சட்னியை விரும்பிச் சாப்பிட்டார். பாமாலைப் பாட்டு இரண்டு ஆங்கில ராகத்தில் இருக்கிற மாதிரிப் பார்த்து வையுங்கள், அவர்களும் கூடப் பாடட்டும்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சகோதரி