எதிர்ப்பொருள் இருந்தாலே நோயா?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில் லூபஸ் என்ற எதிர்ப்புச் சக்திக் கோளாறு பற்றி வந்த கட்டுரையில், "எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கான எதிர்ப்பொருள் இரத்தத்தில் உள்ளவர்களுக்கு இந்நோய் வருகிறது, எச்சிலால் பரவுவதால் அவதானம் தேவை" என்று எழுதியிருந்தீர்கள். என் தங்கச்சிக்கு லூபஸ் இருப்பது எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். உங்கள் பத்திரிகை இங்கே கைமாறிக் கைமாறித்தான் வாசிக்கப்படுகிறது.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் காம்பராவில் பிள்ளைக்குப் பேர் வைத்தார்கள். எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளரில் தேத்தண்ணி. தங்கச்சிக்கு மட்டும் பேப்பர் கப். அவள் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டு, அந்தக் கப்பை மடித்துக் கையிலேயே வைத்திருந்தாள்.

ஐயா, உங்களுக்குத் தெரியாதது இல்லை. 1964இல் கண்டுபிடிக்கப்பட்ட இந்த வைரஸ், உலகத்தில் வளர்ந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேல் தொற்றியிருக்கிறது. அநேகம் பேருக்குச் சின்ன வயதிலேயே, தெரியாமலே வந்து, பிறகு உடம்பிலேயே தங்கிவிடும். எதிர்ப்பொருள் என்பது அதை எதிர்க்க நம் உடம்பே உண்டாக்குவது. பேப்பர் கப் கொடுத்த அக்காவுக்கும் அந்த எதிர்ப்பொருள் இருக்கும், உங்களுக்கும் இருக்கும். லூபஸ் நோயாளிகளுக்கு அதன் அளவு கூடுதலாக இருப்பது உண்மைதான். 1997இல் அமெரிக்காவில் இளவயதினரைச் சோதித்தபோது, லூபஸ் உள்ளவர்களில் கிட்டத்தட்ட எல்லாருக்கும், இல்லாதவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கும் இருந்தது. அந்த எழுபது பேரும் லூபஸ் இல்லாதவர்கள்தானே? வைரஸ் நோயைத் தூண்டுகிறதா, நோயால் தடுமாறிய உடம்பு வைரஸை அடக்க முடியாமல் போகிறதா என்று ஆராய்ச்சிக்காரர்களே இன்னும் விவாதிக்கிறார்கள். நீங்கள் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள்.

லூபஸ் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குவதுதான் அது. பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள். வெயில் பட்டால் கூடும். கொழுந்து பறிக்கிறவள் வெயிலுக்கு எங்கே ஒளிவாள்? விரல் வீங்கிப் பறித்த கொழுந்தின் கிலோ குறைந்த நாளெல்லாம் அவளுக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் போட்டார்கள். பனி பட்ட வாதம் என்று பனடோல் கொடுத்தே காலம் போனது. நோயின் பெயரை முதலில் சொன்ன இடத்தில் தமிழில் விளக்க ஆள் இல்லை, கையில் தந்த படிவமும் சிங்களத்தில். கண்டி கிளினிக்கில் ஒரு டொக்டர் பொறுமையாகச் சொல்லித் தந்ததைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

சொல்லாமல் இருக்க முடியவில்லை: எங்கள் தண்ணீர்த் தாங்கி பற்றிப் போன வருடம் எழுதினேன், நீங்கள் போடவில்லை. வயிற்றோட்டம் பரவியபோது மட்டும் லயத்து மக்களின் பழக்கவழக்கம் பற்றி அரைப் பக்கம் போட்டீர்கள். இப்போது எச்சிலும் எங்கள் கணக்கில் சேர்ந்துவிட்டது. வருடக்கணக்காக உங்கள் பத்திரிகையை நம்பி வாசிக்கிறவர்களுக்கு இது மனசில் தைக்காதா?

அதே பக்கத்தில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள், அது போதும். லூபஸ் தொற்றாது என்றும், இந்த எதிர்ப்பொருள் இருப்பதால் மட்டும் யாரும் நோயாளி ஆகிவிட மாட்டார்கள் என்றும். இந்த வாரமே வந்தால் நல்லது. மேல் டிவிசனில் ஒருவர் மகளுக்கு இந்தப் பரிசோதனை செய்ய, மனைவியின் தோட்டை அடகு வைக்கப் போகிறார்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர்,
தலவாக்கலை.