ஆசிட் கேனைக் கீழே வைக்கச் சொன்ன கொத்தனார் ஐயாவுக்கு

எங்கள் தெருப் பள்ளிக்கூடத்து மதில் இன்று காலை மறுபடியும் செங்கல் நிறத்தில் நிற்கிறது. அதில் ஸ்பிரே பெயின்ட்டால் என்ன எழுதியிருந்தது, எந்தப் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுத் தலைகுனிந்து உள்ளே போனார்கள் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். திரும்ப எழுத மனம் வரவில்லை.

முதல் நன்றி, பெயர்கூடச் சொல்லாமல் போன கொத்தனார் ஐயாவுக்கு. சைக்கிளில் மணியாசு கட்டையும் தூக்குச்சட்டியுமாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், எழுத்தை அழிக்க நாங்கள் எடுத்துவந்த ஆசிட் கேனைப் பார்த்ததும் இறங்கிவிட்டார். "அது பெயின்ட்டைத் தின்னாது தம்பி, காரையைத்தான் தின்னும்." அந்த ஒரு வாக்கியம் மதிலைக் காப்பாற்றியது.

உண்மைதான். ஆசிட்டுக்கு ஸ்பிரே பெயின்ட் கரையாது. செங்கல் சந்தில் இருக்கும் சுண்ணாம்புக் காரையைப் பொங்கவைத்து அரிக்கும். காய்ந்த பிறகு சுவரெங்கும் உப்பு பூக்கும். தின்னர் ஊற்றித் தேய்த்தால் சாயம் இளகி, பூசாத செங்கல்லின் துளைகளுக்குள் இன்னும் ஆழமாக இறங்கும். இரும்பு பிரஷ்ஷின் கம்பித்துகள் சுவரில் தங்கித் துருப்பிடிக்கும். அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சினால் செங்கல்லின் சுட்ட மேல்தோலே உரிந்துவிடும், அதற்கப்புறம் அந்தக் கல் பொடியாக உதிர ஆரம்பிக்கும்.

ஐயா சொல்லிக்கொடுத்தது, சுவருக்குப் பத்துப் போடும் முறை. ஜெல்லியாக வரும் பெயின்ட் ரிமூவரில் சாக் பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வடைமாவுப் பதத்துக்குக் கொண்டுவந்தார். வெயில் ஏறுமுன், முதலில் ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் அப்பிப் பார்த்தார். எழுத்து இருக்கும் இடம் காய்ந்திருக்க வேண்டும். அதற்குக் கீழே தரைவரை நன்றாக நனைத்திருக்க வேண்டும். தண்ணீர் குடித்த செங்கல் வழிந்துவரும் சாயத்தை உறிஞ்சாது. அப்பியது சுமார் 6 மி.மீ. கனம், மேலே பாலித்தீன் தாள். சில மணி நேரம் ஊறியபின் தாளை எடுத்துக் காயவிட்டால், இளகிய சாயத்தைச் சாக் பவுடர் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. சுரண்டுவதற்கு அவரே ஒரு மூங்கில் பத்தையைச் சீவிக் கொடுத்தார். விளிம்பை நகத்தால் தடவிப் பார்த்துப் பார்த்து மழுக்கினார். கூராக இருந்தால் கல்லில் கோடு விழுமாம். பிறகு தென்னை நார் பிரஷ், கீழிருந்து மேலாகக் கழுவல். சிவப்பு எழுத்துக்கு மூன்று முறை வேண்டியிருந்தது.

இதைச் செய்யப்போகிறவர்கள் கவனிக்க: மெல்லிய கையுறை ரிமூவரில் இளகிவிடும், தடித்த ரசாயனக் கையுறையே வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. சுரண்டியதைத் தாள் விரித்துப் பிடித்துக்கொள்ளுங்கள், மழைநீர் வடிகாலில் தள்ளாதீர்கள்.

எமல்ஷன் அடித்த பக்கத்துச் சுவருக்கு இந்தப் பாடெல்லாம் தேவைப்படவில்லை. ஆனால் சிவப்பின் மேல் நேராக எமல்ஷன் அடித்தால் இரண்டே நாளில் ரோஸ் நிறமாகக் கசிந்து வரும். கறை தடுக்கும் ஆயில் பிரைமர் ஒரு கோட் முதலில். திட்டுத்திட்டாக அடிக்காமல் தூணிலிருந்து தூண்வரை முழுப் பட்டையாக அடிக்கச் சொல்லி, ஷேடு எண்ணை டப்பா மூடியிலேயே எழுதிக்கொடுத்த பெயின்ட் கடை அண்ணாச்சிக்கும், குழாய்த் தண்ணீர் விட்ட பால் பூத்துக்கும், விடியுமுன் போஸ்டர்களைக் கிழித்துக் கொடுத்த தூய்மைப் பணியாளர்களுக்கும், இருண்ட மூலைக்கு விளக்கு கட்டிய இஸ்திரிக்கார அண்ணனுக்கும், டீ கொடுத்துக் காசு வாங்காதவர்களுக்கும் நன்றி.

பொது இடங்களின் அழகைக் கெடுப்பதைத் தடுக்க 1959-லேயே சட்டம் வந்த மாநிலம் இது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். இனி அந்த மதிலில் எது முளைத்தாலும் 48 மணி நேரத்துக்குள் எடுத்துவிடுவோம். பெயின்ட் இறுகுமுன் எடுப்பது சுலபம். எழுதியவனுக்காக அந்த எழுத்து அங்கே நின்று பேசவும் செய்யாது. ரிமூவரும் சாக் பவுடரும் மூங்கில் பத்தையும் வாட்ச்மேன் அறையில் இருக்கின்றன.

ஐயா, கூலி என்று நீங்கள் எதையும் தொடவில்லை. "மழைக்கு முன்னாடி சந்தெல்லாம் பூசிடுங்க, சிமென்ட் மட்டும் வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். சிமென்ட் ஈரத்தை உள்ளே அடைத்துப் பழைய செங்கல்லைத் தின்றுவிடும் என்பது இப்போது புரிகிறது. சுண்ணாம்பு வாங்கி நீற்றித் தொட்டியில் ஊறப்போட்டிருக்கிறோம். அந்தப் பக்கம் வரும்போது பதம் சரியா என்று ஒரு தடவை கைவைத்துப் பாருங்கள்.