பேருந்துத் தடத்தை விட்டுவிடாதீர்கள்

ஆசிரியருக்கு,

சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ், செம்பவாங், ஈசூன், அங் மோ கியோ வழியாக நகருக்குச் செல்லவிருக்கும் 21.5 கிலோமீட்டர் வடக்கு-தெற்கு வழித்தடச் சாலை பற்றி எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் பேச்செல்லாம் ஒன்றுதான்: “இஆர்பி (மின்னியல் சாலைக் கட்டணம்) போடுவார்களா?” போட்டால் என்ன? 1975ல் நகர மையத்துக்குள் நுழையக் காகித உரிமம் வாங்கி கார்க் கண்ணாடியில் ஒட்டிய ஊர் இது. 1998ல் மின்னியல் கட்டணம் வந்தது. கட்டணம் இல்லாத சாலை சீக்கிரமே நெரிசலாகிவிடும். ஓட்டுநராக இருந்தவன் சொல்கிறேன்.

என் கவலை வேறு, பேருந்துத் தடத்தைப் பற்றியது. 2008ல் இது வெறும் விரைவுச்சாலையாகத்தான் அறிவிக்கப்பட்டது. பேருந்துக்கென்று தொடர்ச்சியான தடமும் மிதிவண்டிப் பாதையும் பிறகுதான் சேர்ந்தன. எனக்கு இந்தத் திட்டத்தில் பிடித்ததே அதுதான். லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் நான்கு வண்ணங்களில் நின்ற ரோச்சோர் சென்டர் அடுக்குமாடிக் குடியிருப்பு இதற்காகவே இடிக்கப்பட்டது. அங்கே குடியிருந்தவர்கள் வீட்டைக் கொடுத்தது கார்கள் மட்டும் வேகமாகப் போவதற்கா?

பேருந்துத் தடத்தின் நடுவே டெலிவரி வேன் நின்றால் பின்னால் வரும் பேருந்தில் இருக்கும் அறுபது பேரும் காத்திருக்க வேண்டியதுதான். வேன்காரரைத் திட்டிப் பயனில்லை, அவருக்கும் நிறுத்த இடம் வேண்டுமே!

எந்தெந்தப் பேருந்துச் சேவைகள் இத்தடத்தில் ஓடும், எங்கே நிற்கும் என்பதை நிலப் போக்குவரத்து ஆணையம் சாலை திறப்பதற்கு வெகு முன்பே அறிவிக்க வேண்டும். முதியோர் சாலையைக் கடக்காமல் ஏறும்படி நிறுத்தங்கள் அமைந்தால் இன்னும் நல்லது.

ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்,
ஈசூன்