மறுபடி நிறுவச் சொல்லும் முன்: லினக்ஸ் பயனர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் ஊர்தோறும் இயங்கும் குனு/லினக்ஸ் பயனர் குழுக்களின் தன்னார்வலர்களுக்கு,

வணக்கம்.

விண்டோஸுக்கு மாற்றான கட்டற்ற இயங்குதளம் லினக்ஸ். அதன் வழங்கல்களில் (வடிவங்களில்) டெபியனையும் லினக்ஸ் மின்ட்டையும் பன்னிரண்டு ஆண்டுகளாக அன்றாட வேலைக்குப் பயன்படுத்தி வருகிறேன். ஓர் அச்சகத்தின் கணினிகளையும், கேட்டு வரும் அக்கம்பக்கத்தார் சிலரின் கணினிகளையும் பார்த்துக்கொள்கிறேன். நான் கற்றதில் பெரும்பகுதி உங்களைப் போன்றவர்கள் தங்கள் ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்கிச் சொல்லிக்கொடுத்தது. அந்த நன்றியோடும், அது தந்த உரிமையோடும் ஒரு வேண்டுகோளை உங்கள் முன் வைக்கிறேன். ஒருவரின் கணினியில் கோளாறு என்றால், காரணத்தைக் கண்டறியாமல் இயங்குதளத்தை அழித்து மறுபடி நிறுவச் சொல்லாதீர்கள். அவருடைய வேலை இன்னதென்று கேட்டறியாமல் எந்த மென்பொருளையும், எந்த மேசைச்சூழலையும் (சாளரங்களும் பட்டியல்களுமாகத் திரையில் தெரியும் அமைப்பு) பரிந்துரைக்காதீர்கள்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது, இன்டெல் கணினி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும் என்கிறது. ஆறாம், ஏழாம் தலைமுறைச் செயலியும் 8 ஜிபி நினைவகமும் உள்ள, இன்னும் பல ஆண்டுகள் உழைக்கக்கூடிய கணினிகளை வைத்திருப்பவர்கள் வேறு வழியின்றி நம் பக்கம் வருகிறார்கள். முன்பு வந்தவர்களில் பலர் ஆர்வத்தால் வந்தவர்கள். கணினி நின்றுபோனால் அதையே பாடமாக எடுத்துக்கொண்டார்கள். இப்போது வருபவருக்கு நாளை காலை வினாத்தாள் அச்சாக வேண்டும், கடையில் ரசீது போட வேண்டும். கணினி ஒரு நாள் நின்றால் அவருடைய வேலையும் ஒரு நாள் நிற்கும்.

எங்கள் ஊர்த் தமிழாசிரியர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். அவருடைய மடிக்கணினியில் விண்டோஸுக்கு ஒரு பகுதியை விட்டுவைத்து, 60 ஜிபி இடத்தில் மின்ட் நிறுவித் தந்திருந்தார்கள். சில மாதங்கள் நன்றாக ஓடியது. ஒருநாள் கடவுச்சொல்லைக் கொடுத்தால் திரை ஒரு கணம் கறுத்து, மறுபடியும் கடவுச்சொல்லையே கேட்டது. அவர் தெரிந்தவர்களை அலைபேசியில் அழைத்தார். ஒருவர் கிராபிக்ஸ் டிரைவர்தான் காரணம் என்றார். இன்னொருவர் மின்ட்டை விட்டுவிட்டு ஃபெடோரா என்ற இன்னொரு வழங்கலுக்கு மாறச் சொன்னார். மூன்றாமவர் ஃபார்மட் செய்துவிட்டால் அரை மணி நேரத்தில் சரியாகிவிடும் என்றார். மூன்றாவது யோசனை எளிதாக இருந்ததால், ஆசிரியர் கடைத்தெருவில் ஒரு கடைக்குக் கொண்டுபோய் ஃபார்மட் செய்து, மின்ட்டை மறுபடி நிறுவி வாங்கிவந்தார். கணினி சரியானது. மூன்று ஆண்டுகளாக அவர் சேர்த்து வைத்திருந்த வினாத்தாள்களும், இலக்கணப் பயிற்சிகளும், பிள்ளைகளின் மதிப்பெண் பதிவுகளும் போய்விட்டன.

இரண்டு மாதத்தில் அதே கோளாறு திரும்ப வந்தது. அப்போதுதான் என்னிடம் வந்தார். அந்த நுழைவுத் திரையில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். எழுத்து மட்டும் உள்ள கறுப்புத் திரை வந்தது. அதில் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்ததும் தடையின்றி உள்ளே விட்டது. கடவுச்சொல்லில் குறையில்லை, சிக்கல் வரைகலைச் சூழல் தொடங்கும் இடத்தில்தான் என்பது அங்கேயே தெளிவானது. அடுத்து, வட்டில் எவ்வளவு இடம் மீந்திருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கட்டளையைக் கொடுத்தேன். இயங்குதளம் இருக்கும் மூல வட்டுப்பகுதிக்கு நேரே 100 விழுக்காடு என்று வந்தது. மேசைச்சூழல் தொடங்கும்போது சில சிறு கோப்புகளை எழுதியாக வேண்டும். எழுத இடமில்லாததால் தொடங்கிய கையோடு மூடிக்கொண்டது. இடத்தை அடைத்திருந்தது டைம்ஷிஃப்ட் என்ற மீட்புக் கருவி எடுத்துவைத்த மீட்புப் படிமங்கள். அதே வட்டுப்பகுதியிலேயே நாள்தோறும் எடுத்து, பலவற்றைச் சேர்த்து வைக்கும்படி யாரோ அமைத்திருந்தார்கள். பழைய படிமங்களை நீக்கி, எண்ணிக்கையைக் குறைத்து அமைத்தேன். எல்லாம் சேர்ந்து இருபது நிமிட வேலை.

முதல் முறையும் இதுவே காரணமாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஃபார்மட் செய்ததில் வட்டு காலியானதால் நோய் தீர்ந்ததுபோலத் தோன்றியது. டைம்ஷிஃப்ட் இருக்கிறதே, கோப்புகள் அதில் பத்திரமாக இருக்குமே என்று ஆசிரியர் நம்பியிருந்தார். அது இயல்பான அமைப்பில் பயனரின் சொந்தக் கோப்புகள் இருக்கும் வீட்டு அடைவைச் சேர்ப்பதில்லை. இயங்குதளத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுபோவதற்கான கருவி அது. இந்த வேறுபாட்டை அவருக்கு யாரும் சொல்லவில்லை. நிறுவாமலே இயங்குதளத்தை ஓட்டும் லைவ் பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, கோப்புகளை வெளியே நகலெடுத்துவிட்டு அதன்பின் ஃபார்மட் செய்திருக்கலாம் என்பதையும் சொல்லவில்லை. யோசனை சொன்ன மூவருமே நல்லவர்கள், உதவும் மனத்தோடு பேசியவர்கள். ஆனால் வட்டில் இடம் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை என்பதை இப்போது நினைத்தாலும் மனம் பொறுக்கவில்லை.

கோளாறைத் தேடுவது என்பது, அது எந்தப் பாதியில் இருக்கிறது என்று பகுத்துக்கொண்டே போவதுதான். கடைசியாக எது மாறியது என்று கேட்டால் பாதிக் கதை வெளிவரும்: இற்றைப்படுத்தல் நடந்ததா, புதிய பிரிண்டரைச் செருகினார்களா, மின்சாரம் போய் கணினி பாதியில் அணைந்ததா. புதிதாக ஒரு பயனர் கணக்கை உருவாக்கி அதில் நுழைந்து பார்த்தால், பழுது அவருடைய சொந்த அமைப்புகளில் உள்ளதா, மொத்த இயங்குதளத்தில் உள்ளதா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். கணினி தொடங்கும்போது வரும் குரப் பட்டியலில் பழைய கருநிரலை (இயங்குதளத்தின் மையப்பகுதி) தேர்ந்தெடுத்துத் தொடங்கும்போது வைஃபை வந்தால், வன்பொருளைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஜர்னல்சிடிஎல் கட்டளையால் சென்ற முறை கணினி ஓடியபோது பதிவான பிழைச் செய்திகளை மட்டும் எடுத்துப் பார்க்கலாம். உங்களில் பலர் இவற்றை என்னைவிட நன்றாக அறிவீர்கள். அலைபேசியில் அவசரமாகப் பதில் சொல்லும்போதும் இதே வரிசையில் கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள். கட்டளை ஏதேனும் தரச் சொன்னால், அது என்ன செய்யும் என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். அனுமதிப் பிழை என்றதும் அடைவு முழுவதற்கும் 777 (எல்லாருக்கும் எல்லா உரிமையும்) கொடுக்கச் சொல்வதும், உபுண்டு என்ற வழங்கலுக்கான பிபிஏவை (கூடுதல் மென்பொருள் களஞ்சியம்) டெபியனில் சேர்க்கச் சொல்வதும் அன்றைய தொல்லையை நீக்கி, ஆறு மாதம் கழித்து வேறொருவர் தலையில் பெரிய தொல்லையாக விடியும்.

இனி மென்பொருள் தேர்வு. மேசைச்சூழல்களின் அழகையும் வேகத்தையும் பற்றி நாம் மணிக்கணக்கில் பேசுகிறோம். வருபவரிடம் நான் முதலில் கேட்பது, தமிழ் எந்த விசைப்பலகையில் தட்டுகிறீர்கள், பழைய கோப்புகள் எந்த எழுத்துருவில் இருக்கின்றன என்பதைத்தான். தமிழ்99இல் தட்டுபவருக்கு தமிழ் உள்ளீட்டுக்கான ஐபஸ், எம்17என் இரண்டையும் நிறுவிக் கொடுத்தால் லிப்ரே ஆபீஸில் அன்றே வேலையைத் தொடங்கிவிடுவார். பாமினியிலோ வானவில்லிலோ தட்டிய பழைய ஆவணங்களைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பைபோலத் தெரியும். கோப்பையே லினக்ஸ் கெடுத்துவிட்டது என்று பதறுவார்கள். அந்த எழுத்துருவை நிறுவினால் படிக்க வரும், ஒருங்குறிக்கு மாற்றினால் என்றைக்கும் உதவும் என்பதை நிறுவல் நாளன்றே காட்டிவிடுங்கள்.

யோசனைகளுக்கும் வயது உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். தமிழ் தட்டுவதில் சிக்கல் என்றால் வெளியேறி எக்ஸ்11 (திரையை இயக்கும் பழைய முறை) அமர்வில் நுழையுங்கள் என்று சொல்வது வழக்கம். மின்ட் 22இன் சினமன் மேசைச்சூழல் இயல்பாகவே எக்ஸ்11இல்தான் தொடங்குகிறது, உபுண்டு 25.10இலோ க்னோம் மேசைச்சூழலுக்கு அந்த அமர்வே இல்லை. அங்கே அதற்கு மாற்றாக வந்த வேலண்டில் எந்த மென்பொருள் உள்ளீட்டு முறையை ஏற்கவில்லை என்று பார்த்து அதன் அமைப்பைத்தான் திருத்த வேண்டும். டெபியனில் வைஃபைக்கான நிலைபொருளை (வன்பொருளை இயக்கும் நிரல்) தனியே தேட வேண்டும் என்பதும் அப்படித்தான். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல், நிறுவல் ஊடகத்திலேயே அது சேர்த்துத் தரப்படுகிறது. பக்க வடிவமைப்பு மென்பொருளான ஸ்க்ரைபஸில் தமிழ் வராது என்று அச்சகத்தாரிடம் இன்றும் சொல்கிறார்கள். 1.4 பதிப்பில் 'கெ' என்று தட்டினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது உண்மை. 2024 ஜனவரியில் வெளியான 1.6 தமிழ் எழுத்துகளை முறையாகக் கோக்கிறது. எங்கள் அச்சகத்தில் திருமண அழைப்பிதழ்களை அதில்தான் வடிவமைக்கிறோம். ஆகவே எந்தப் பதிப்பு என்று கேட்டபின் பதில் சொல்லுங்கள். எழுதி அனுப்பினால் பதிப்பு எண்ணையும் தேதியையும் சேர்த்து எழுதுங்கள்.

முடியாததை முடியாது என்று சொல்வதும் நம் கடமை. டாலியில் கணக்கு எழுதும் கடைக்காரரிடம், அது விண்டோஸுக்கான மென்பொருள், உங்கள் தணிக்கையாளர் அந்தக் கோப்பைத்தான் கேட்பார், ஆகவே அந்த ஒரு கணினியை மட்டும் விண்டோஸிலேயே வைத்திருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். கட்டற்ற மென்பொருளுக்குத் துரோகம் என்று ஒரு நண்பர் வருத்தப்பட்டார். அந்தக் கடைக்காரர் வீட்டில் பிள்ளைகள் படிக்கும் கணினியில் இன்று டெபியன் ஓடுகிறது. கடைக் கணக்கில் நான் பொய் சொல்லியிருந்தால் வீட்டுக் கணினிக்கு என்னை அழைத்திருக்க மாட்டார்.

நீங்கள் நடத்தும் நிறுவல் விழாக்களில் ஒரு மாற்றம் மட்டும் கேட்கிறேன். ஒவ்வொரு கணினிக்கும் ஒரு தாள் வையுங்கள். எந்த வழங்கல், எந்தப் பதிப்பு, வட்டை எப்படிப் பிரித்தோம், டைம்ஷிஃப்ட் எங்கே எத்தனை படிமம் வைக்கும், பயனரின் கோப்புகளை எங்கே நகலெடுக்கச் சொன்னோம் என்பவற்றைத் தமிழில் எழுதி, உரியவர் கையில் கொடுத்தனுப்புங்கள். அடுத்து அந்தக் கணினியைத் தொடுபவர் நீங்களாக இல்லாமல் போகலாம். கடைத்தெருவில் ஃபார்மட் செய்பவராகவும் இருக்கலாம். அவரிடமும் அந்தத் தாள் போய்ச் சேரட்டும். அப்படிப்பட்ட தாள் ஒன்றின் மாதிரியை எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த நிறுவல் விழாவுக்கு எடுத்து வருகிறேன். குறைகளைத் திருத்தித் தாருங்கள்.

அன்புடன்,
அச்சகக் கணினிகளைப் பராமரிக்கும் உங்கள் பயனர்களில் ஒருவன்