கணக்கெடுப்பவர் நியாயம் பேசலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சமூக ஆய்வாளர்கள் எண்ணைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும், வீடு இழந்தவர்களுக்காகப் பேசுவது கட்சிக்காரர்கள் வேலை என்ற பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. தில்லியில் ஆய்வுப் பணியில் இருக்கும் தமிழர்கள் நாங்கள். ஒரு எண் எப்படி உருவாகிறது என்பதைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் இப்படிப் பேச மாட்டார்கள்.

தில்லி ஜங்புராவில் பாராபுல்லா வடிகால் ஓரம் தமிழர்கள் வாழ்ந்த குடிசைப் பகுதியான மதராசி கேம்ப், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. இடிப்புக்கு முந்தைய பட்டியலில் 370 வீடுகள். அவற்றில் 189 வீடுகளுக்கு மட்டுமே மாற்று வீடு பெறும் தகுதி உண்டு என்றார்கள். அந்த மாற்று வீடும் நகரின் வடகோடியில், நரேலாவில். மீதி 181 குடும்பங்கள் ஏன் தகுதி இழந்தன என்று கேட்டால் அது அரசியலா, ஆய்வா?

தில்லி அரசின் 2015 மறுவாழ்வுக் கொள்கைப்படி, 2012 முதல் 2015 வரையான வாக்காளர் பட்டியல்களில் ஒன்றிலாவது பெயர் இருக்க வேண்டும். கணக்கெடுக்கும் ஆண்டின் பட்டியலிலும் இருக்க வேண்டும். குறிப்பிட்ட ஆவணங்களில் ஒன்று 2015 ஜனவரி 1-க்கு முன் வாங்கியதாகவும் இருக்க வேண்டும். படிக்க எளிய விதிதான். ஆனால் தமிழ்க் குடும்பம் இதில் தடுக்கி விழ வழிகள் பல. ரேஷன் அட்டையில் 'சு. முருகன்', வாக்காளர் அட்டையில் 'முருகன் சுப்பையா', ஆதாரில் வெறும் 'முருகன்' என்றால், தலைப்பெழுத்து வழக்கம் தெரியாத எழுத்தருக்கு இவர்கள் மூன்று பேர். ஊர்த் தேர்தலுக்காகச் சொந்த ஊரிலேயே வாக்கை வைத்திருப்பவர், தில்லியில் எத்தனை வருடம் குடியிருந்தாலும் பட்டியலில் இல்லாதவர். பகல் 11 மணிக்குக் கதவைத் தட்டினால், வீட்டு வேலைக்குப் போன பெண்ணின் வாசலில் பூட்டுதான் இருக்கும். படிவத்தில் 'பூட்டிய வீடு' என்று ஒரு வரி விழும். அந்த வரியைத் திருத்த யாரும் மறுபடி வராவிட்டால், அதுவே தீர்ப்பாகிவிடும்.

ஆகவே கேள்வியைத் தேர்ந்தெடுக்கும்போதே நியாயம் உள்ளே வந்துவிடுகிறது. யாரை எண்ணுவது, எதைக் குடும்பம் என்பது, எந்தத் தேதியைக் கெடுவாக வைப்பது எல்லாமே மதிப்பீடுகள்தாம். அரசின் படிவத்திலும் அவை உண்டு, அச்சடித்திருப்பதால் கண்ணில் படுவதில்லை. கேள்வியில் சார்பு இருக்கலாம். பதிலைத் திரட்டும் முறையில் இருக்கக் கூடாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் எதிர்த்தரப்பில் மட்டும் இல்லை, நம் பக்கத்திலும் இருக்கிறார்கள்.

முறை என்று நாங்கள் சொல்வது இதைத்தான். முதலில் சந்து வாரியாக வரைபடம் போட்டு ஒவ்வொரு கதவுக்கும் எண் கொடுக்க வேண்டும். மாடிப்படி தனியாக ஏறினால் தனி எண். ஒரு அடுப்பு ஒரு குடும்பம் என்று கொண்டால், கீழே அண்ணனும் மேலே தம்பியும் இருக்கும் வீடு ஒன்றாகச் சுருங்காது. பூட்டிய வீட்டுக்குக் குறைந்தது மூன்று முறை போக வேண்டும், அதில் ஒன்று இரவு எட்டு மணிக்குமேல் அல்லது ஞாயிற்றுக்கிழமை. 370 வீடுள்ள இடத்தில் மாதிரிக் கணக்கெடுப்பே வேண்டாம்: குலுக்கலில் 50 வீடு எடுத்தால்கூடப் பிழை வரம்பு ஏறத்தாழ 13 விழுக்காட்டுப் புள்ளி, மேலும் கீழும். அரசு வழக்கறிஞர் முதல் நாளே அதைக் கிழித்துப்போடுவார். பதில் சொல்ல மறுத்தவர்களையும் எண்ணிக்கையில் காட்ட வேண்டும். பத்தில் ஒரு வீட்டை வேறொருவர் மறுபடி போய்ச் சரிபார்க்க வேண்டும். தகுதி பெற்ற குடும்பங்களையும் சேர்த்தே கேட்க வேண்டும்; மறுக்கப்பட்டவர்களை மட்டும் கேட்டால் மறுப்புக்கான காரணம் பிடிபடாது. ஆதரவுக் கூட்டங்களில் 370-ஐ ஆயிரமாக்கிப் பேசுவது பெரிய கெடுதல். ஒரு எண் பொய்யானால் மீதி எண்களுக்கும் மதிப்புப் போய்விடும்.

இப்படித் திரட்டியதை வைத்துக்கொண்டு வாதாடுவது இந்த மண்ணில் புதிதும் இல்லை. அம்பேத்கர் 1919-ல், வாக்குரிமை பற்றி ஆராய்ந்த சவுத்பரோ குழு முன் சாட்சியம் அளித்தபோது பொருளியல் பேராசிரியர்தான். ஒடுக்கப்பட்டோருக்குத் தனிப் பிரதிநிதித்துவமும் கேட்டார். 2010-ல் சுதாமா சிங் வழக்கிலும் 2019-ல் அஜய் மாக்கன் வழக்கிலும் தில்லி உயர் நீதிமன்றம், முதலில் கணக்கெடுப்பு, கலந்தாலோசனை, பிறகே அகற்றுதல் என்று வலியுறுத்தியது. கணக்கெடுப்பின் தரத்தைக் கேள்வி கேட்க யாரும் இல்லையென்றால் இந்தத் தீர்ப்புகளுக்கு என்ன பயன்?

ஆய்வாளர்கள் வாய்திறக்க அஞ்சுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2019 ஜனவரியில் தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் தற்காலிகத் தலைவர் உட்பட இருவர் விலகினார்கள். அவ்வாண்டு மார்ச்சில் 108 பொருளியலாளர்களும் சமூக அறிவியலாளர்களும் அரசுப் புள்ளிவிவரங்களின் நம்பகத்தன்மை பற்றிக் கூட்டறிக்கை விட்டார்கள். 2020-ல் வெளிநாட்டு நிதிச் சட்டம் திருத்தப்பட்டு, ஒரு நிறுவனம் பெற்ற நிதியை இன்னொன்றுக்கு மாற்றித் தருவதே தடையானது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50-லிருந்து 20 விழுக்காடாகக் குறைந்தது. குடியிருப்புக்குள் வேலை செய்யும் சிறு குழுக்களுக்குத்தான் முதல் அடி.

இத்தகைய காலத்தில் தகவலைக் காப்பது தகவல் திரட்டுவதைவிடப் பெரிய வேலை. பெயரும் தொலைபேசி எண்ணும் ஒரு கோப்பில், பதில்கள் வேறு கோப்பில், இரண்டையும் இணைக்கும் குறியீட்டுப் பட்டியல் மூன்றாவது இடத்தில். ஆதார் அட்டையைக் கைபேசியில் படம் பிடிக்கவே கூடாது. எந்தெந்த ஆவணம் உண்டு, எந்த வருடத்தது, பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று குறித்துக்கொண்டால் போதும். ஒப்புதல் வாசகத்தைத் தமிழில் வாய்விட்டுப் படித்துக்காட்ட வேண்டும், பாதியில் நிறுத்தச் சொல்லும் உரிமையையும் சேர்த்து. அவசரத்தில் இந்த ஐந்து நிமிடத்தைத்தான் எல்லாரும் வெட்டுகிறார்கள். பிறகு பட்டியல் வேறு கைக்குப் போனால், பேசியவர்தான் மாட்டுவார்.

தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கும் விதத்தை மாற்ற வேண்டியிருக்கிறது. தனிநபர் தகவலுக்கு விலக்குத் தரும் அதன் 8(1)(ஜெ) பிரிவைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மாற்றி எழுதிய பிறகு, தகுதி மறுக்கப்பட்டோரின் பெயர்ப் பட்டியல் கேட்டால் 'தனிநபர் தகவல்' என்று திருப்பிவிட வழி பிறந்துவிட்டது. காரண வாரியாக எண்ணிக்கை கேளுங்கள்: ஆவணம் இல்லாததால் எத்தனை, பெயர் பொருந்தாததால் எத்தனை, பூட்டியிருந்ததால் எத்தனை, மேல்முறையீட்டில் எத்தனை ஏற்கப்பட்டது. எண்ணிக்கையில் யாருடைய அந்தரங்கமும் இல்லை. மத்திய அரசு விதிப்படி கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். மறுத்தால் முதல் மேல்முறையீட்டை 30 நாளுக்குள் போட வேண்டும். பொதுநலன் மேலோங்கினால் தகவல் தரலாம் என்னும் 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது, விண்ணப்பத்திலேயே அதைக் குறிப்பிட்டுவிடுவது நல்லது.

உங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை குடிசை அகற்றும் செய்தி வரும்போது, 'இத்தனை பேருக்கு மாற்று வீடு' என்ற வரிக்குக் கீழே, பூட்டிய வீடு என்று எழுதப்பட்டவை எத்தனை, அங்கே மறுபடி எத்தனை முறை போனார்கள் என்பதையும் அதிகாரிகளிடம் கேட்டு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தில்லியில் பணிபுரியும் தமிழ்ச் சமூக ஆய்வாளர்கள் சிலர்