உடைந்த சொரூபங்களைப் பராமரிக்கும் இங்கிலாந்துத் திருச்சபையாருக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலாந்துத் திருச்சபையின் பேராலயங்களையும் பழைய ஊராலயங்களையும் பராமரித்துவரும் நிர்வாகக் குழுவினருக்கு,

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே,

1947இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், கான்கிரகேஷனல் மரபுகளைச் சேர்ந்த சபைகள் இணைந்து உருவான தென்னிந்தியத் திருச்சபையின் உறுப்பினர் என்ற உரிமையில் இம்மடலை எழுதுகிறேன். எங்கள் ஆலயங்களில் பெரும்பாலானவற்றில் பீடத்துக்குமேல் சிலுவை மட்டுமே உண்டு, சொரூபம் எனப்படும் புனிதர் சிலை கிடையாது. அந்த வழக்கத்தில் பெரும்பங்கு உங்களிடமிருந்து எங்களுக்கு வந்தது என்பதால், அது உங்கள் மண்ணில் எப்படி ஏற்பட்டது என்பதில் எங்களுக்கும் அக்கறை உண்டு. என் கோரிக்கை ஒன்றுதான்: உங்கள் பொறுப்பில் உள்ள ஒவ்வொரு உடைந்த சொரூபத்தின் அருகிலும், அது யாருடைய ஆணையால், யாருடைய செலவில் உடைக்கப்பட்டது என்பதைத் தெரிந்தவரையில் வெளிப்படையாக எழுதி வையுங்கள்.

கிழக்கு இங்கிலாந்தின் ஈலி நகரப் பேராலயத்தை ஒட்டி 1349இல் கட்டி முடிக்கப்பட்ட மரியாள் சிற்றாலயத்தை எடுத்துக்கொள்வோம். அதன் சுவர்களைச் சுற்றிலும், மென்மையான சுண்ணக்கல்லில், மரியாளின் வாழ்க்கையும் அவர் பெயரால் சொல்லப்பட்ட அற்புதங்களும் சிறு சிறு உருவங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஆடையின் மடிப்பு இன்னும் தெளிவாக இருக்கிறது; சில இடங்களில் பழைய வண்ணம்கூட ஒட்டிக்கொண்டிருக்கிறது; ஆனால் உருவத்துக்கு உருவம் தலை மட்டும் கவனமாகப் பெயர்த்தெடுக்கப்பட்டிருக்கிறது. வெறிபிடித்த கூட்டம் இப்படி உடைப்பதில்லை. முகம் போனால் வணக்கம் போகும் என்று அறிந்தவர்கள், சாரம் கட்டியோ ஏணி வைத்தோ, நேரம் எடுத்துச் செய்த வேலை இது.

இத்தகைய சேதங்களைக் காண்பவர்கள் "குரோம்வெல்லின் படைவீரர்கள் செய்தது" என்று சொல்லிவிட்டு நகர்வது வழக்கமாகிவிட்டது. 17ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரில் மன்னருக்கு எதிரான நாடாளுமன்றப் படையை நடத்திய ஆலிவர் குரோம்வெல் 1636 முதல் சில ஆண்டுகள் ஈலியிலேயே குடியிருந்தவர் என்பதால் அப்பழி அவர்மீது எளிதில் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் அவர் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பே, 1541இல், அந்த மறைமாவட்டத்துச் சொரூபங்களையும் புனிதப் பண்டங்களையும் அடியோடு அழிக்கும்படி ஆணையிட்டவர் தாமஸ் குட்ரிச். அவர் அதே பேராலயத்தின் பேராயர். அதற்கும் மூன்று ஆண்டுகள் முன்னதாக, 1538இல், காணிக்கையும் யாத்திரையும் ஈர்த்த சொரூபங்களை அகற்றச் சொன்னவர் மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல். இந்த இரு குரோம்வெல்களையும் ஒருவராக எண்ணிவிடும்போது, பேராயர்களும் மன்னர்களும் பொறுப்பிலிருந்து தப்பிவிடுகிறார்கள்.

ஆறாம் எட்வர்டின் ஆட்சியில் 1548இல் எல்லாச் சொரூபங்களையும் அகற்ற ஆணை பிறந்தது. 1550இல் நாடாளுமன்றமே அதைச் சட்டமாக்கியது. உள்நாட்டுப் போர்க்காலத்தில், 1643 டிசம்பரில், நாடாளுமன்றப் படைத்தளபதியான மான்செஸ்டர் பிரபு, சொரூபங்களை அழிக்கும் பணிக்கு வில்லியம் டவுசிங் என்பவரை அதிகாரபூர்வமாக நியமித்தார். டவுசிங் சஃபோக், கேம்பிரிட்ஜ்ஷயர் பகுதிகளில் ஏறத்தாழ 250 ஆலயங்களுக்குச் சென்று, எதை உடைத்தேன், எதை உடைக்கச் சொன்னேன் என்று நாட்குறிப்பு எழுதினார். பல இடங்களில் தம் வருகைக்கு 6 ஷில்லிங் 8 பென்ஸ் கட்டணத்தை ஆலயப் பொறுப்பாளர்களிடமே பெற்றுக்கொண்டார். தன் ஆலயத்தின் கண்ணாடிச் சித்திரம் நொறுங்குவதற்குச் சபையே பணம் கொடுத்தது என்பதைவிட, அந்தக் காலத்தைத் துல்லியமாகக் காட்டும் செய்தி எனக்குத் தெரியவில்லை.

டவுசிங்மீது இல்லாத பழியைச் சுமத்தவும் நான் விரும்பவில்லை. பிளைத்பர்க் ஆலயக் கூரையின் மரத் தேவதூதர்கள் உடம்பில் ஈயக்குண்டுகள் பாய்ந்திருப்பதற்கு அவருடைய ஆட்களே காரணம் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். அவை 18ஆம் நூற்றாண்டில் கூரையில் அடைந்த பறவைகளைச் சுட்டதால் ஏற்பட்டவை என்று பின்னர் தெரிந்தது. உண்மையை எழுதி வைப்பது அவருக்கும் செய்யும் நியாயம்.

நான் சீர்திருத்த சபையைச் சேர்ந்தவன். விக்கிரகத்தை உண்டாக்கி வணங்கக்கூடாது என்னும் யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தின் கட்டளையை இலேசாக எடுத்துக்கொள்பவன் அல்லன். பாக்ஸ்லி மடத்தில் கம்பிகளின் உதவியால் அசைந்த சிலுவை உருவத்தை 1538இல் லண்டன் மக்கள் முன் காட்டி உடைத்தபோது எழுந்த கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒவ்வொரு சொரூபமும் ஏமாற்று வேலை அல்ல. டெவன் பகுதியின் மோர்பாத் என்னும் சிற்றூரில், கிறிஸ்டோபர் டிரைக்கே என்ற குருவானவர் எழுதிய கணக்குகளைப் படித்தால், ஏழை விவசாயிகள் தங்கள் செபமாலையையும் மோதிரத்தையும் புனித சிட்வெல் சொரூபத்துக்குக் கொடுத்திருப்பதைக் காணலாம். சஃபோக்கின் லாங் மெல்ஃபோர்டில் ராஜர் மார்ட்டின் என்பவர், ஆலயத்தில் இருந்த, கிறிஸ்துவின் பாடுகளைக் காட்டும் சிற்பப் பலகையைத் தம் வீட்டில் பாதுகாத்து, என்றாவது தம் வாரிசுகள் அதைச் செப்பனிட்டு ஆலயத்துக்குத் திருப்பித் தருவார்கள் என்ற நம்பிக்கையை எழுதிவைத்தார். அந்த ஆலயத்தின் தரைக்கடியில் கிடந்த, ஞானிகள் குழந்தை இயேசுவை வணங்கும் அலபாஸ்டர் என்னும் மென்மையான வெண்கல் சிற்பம் 18ஆம் நூற்றாண்டில்தான் வெளியே வந்தது. சட்டத்தை மீறி இவற்றைக் காப்பாற்றியவர்களும் உங்கள் சபையாரின் முன்னோரே. அவர்கள் பெயர் தெரியும் இடங்களில் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

உடைந்த உருவங்களுக்குப் புதிய தலை பொருத்தும் யோசனை எப்போதாவது எழுந்தால் அதற்கு இடம்கொடுக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஈலியில் குட்ரிச்சின் ஆணையையும், டவுசிங் சென்ற ஊர்களில் அந்தந்த ஆலயத்தைப் பற்றிய அவருடைய நாட்குறிப்பு வரிகளையும், ஊர்க்கணக்கு எஞ்சியிருக்கும் இடங்களில் அந்த ஆண்டின் செலவு வரியையும், வருகிறவர்கள் நின்று படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில் வைத்தால் போதும்.

இப்படிக்கு,
கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரன்,
தென்னிந்தியத் திருச்சபை உறுப்பினர் ஒருவர்