எந்த ரிக் எடுப்பது?

அன்புள்ள கதிரேசனுக்கு,

உன் கடிதம் வந்தது. மகனும் தொழிலில் இறங்குகிறான் என்பதில் ரொம்ப சந்தோஷம். போர் போட, அதாவது ஆழ்துளைக் கிணறு துளைக்க, புது ரிக் வண்டி எடுக்கலாம், ஆனால் எந்த வகை என்றுதான் முடிவுக்கு வர முடியவில்லை என்று எழுதியிருந்தாய். விற்பவர்கள் ‘இது 1,000 அடி போகும், அது 1,500 அடி போகும்’ என்று ஆழத்தில்தான் பேச்சைத் தொடங்குவார்கள். நீ அங்கே தொடங்காதே. வாரம் தவறாமல் உங்களுக்கு வரும் வேலை என்ன மண், எத்தனை அங்குலத் துளை, தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று முதலில் எழுதி வை. வண்டி அதற்குத்தான்.

மேலே கொஞ்சம் மண், கீழே கெட்டிப் பாறை என்றால் டிடிஎச் (டவுன்-தி-ஹோல்) ரிக்தான், யோசிக்கவே வேண்டாம். காற்றில் இயங்கும் சுத்தியலான ஹேமர் துளையின் அடியிலேயே நின்று அடிப்பதால், ராடு (ஒன்றோடொன்று மாட்டி இறக்கும் இரும்புக் குழாய்) கூடக் கூட அடியின் வலு வழியில் வீணாவதில்லை. சுத்தியல் மேலே ரிக்கிலேயே இருக்கும் டாப் ஹேமரில் அப்படியில்லை. ஒவ்வொரு ராடு இணைப்பிலும் வலு கசியும். வெடி வைக்கும் குழிகளுக்கு அது போதும், ஆழமான கிணற்றுக்கு ஆகாது.

டிடிஎச் என்று முடிவானால் ரிக்கை விட, காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசரைத்தான் அதிகம் பார்க்க வேண்டும். காற்றுக்கு இரண்டு வேலை: ஹேமரை அடிக்க வைப்பது, தூளை மேலே தள்ளுவது. தூள் ஒழுங்காக வெளியேற, ராடுக்கும் துளைச் சுவருக்கும் நடுவே காற்று நிமிடத்துக்குக் குறைந்தது 3,000 அடி வேகத்தில் ஏற வேண்டும். கணக்குப் போட்டுப் பார்: ஆறரை அங்குலத் துளை, நாலரை அங்குல ராடு என்றால் இடைவெளி ஏறக்குறைய 0.12 சதுர அடி. 450 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 450 கன அடி) காற்று அதில் 3,750 அடி வேகத்தில் ஏறும். அதே துளையில் மூன்றரை அங்குல ராடு போட்டால் இடைவெளி 0.16-க்கு மேல் போய்விடும், வேகம் 2,750-க்கு இறங்கிவிடும். தூள் பாதியில் நின்று ஹேமரின் தலையில் உட்காரும். காற்றை நிறுத்தியதும் மொத்தமும் கீழே இறங்கி ஹேமரை இறுக்கிவிடும். ராடு இலேசாக இருக்கிறது, விலை குறைவு என்று சின்னதை வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அடுத்தது அழுத்தம். 2.31 அடி உயரத் தண்ணீருக்கு 1 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம்). ராடு மாட்டக் காற்றை நிறுத்தும்போது துளைக்குள் தண்ணீர் ஏறிவிடும். பிட்டுக்கு, அதாவது ஹேமரின் நுனியில் பாறையை உடைக்கும் தலைக்கு, மேலே 300 அடி தண்ணீர் நின்றால், அதைத் தூக்கவே 130 பிஎஸ்ஐ வேண்டும். 150 பிஎஸ்ஐ கம்ப்ரசரில் மிச்சம் 20. அதில் ஹேமர் அடிக்காது. தண்ணீர் மேலே நிற்கும் பகுதியில் அடிக்கடி 500 அடி தாண்டுவாய் என்றால் 300 பிஎஸ்ஐக்குக் குறையாதே. காய்ந்த பாறையில் 200, 300 அடிதான் வழக்கம் என்றால் அவ்வளவு பெரிய கம்ப்ரசர் வேண்டாம். டீசலில் பெரும்பங்கைக் குடிப்பது அதுதான், அதுவும் தினமும்.

மணலும் களிமண்ணும் ஆழம் வரை போகும் இடம் என்றால் கதையே வேறு. அங்கே காற்று சுவரை அரித்துத் துளையைச் சரித்துவிடும். சேற்றைப் பம்பில் செலுத்திக்கொண்டே பிட்டைச் சுற்றித் துளைக்கும் மட் ரோட்டரிதான் சரி: பென்டோனைட் என்ற களிமண் கலந்த சேறு சுவரைத் தாங்கும், மண்ணையும் மேலே கொண்டுவரும். சேற்றுக் குழி துளையின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு இருக்கட்டும். எட்டு அங்குலத்தில் 200 அடி என்றால் துளை மட்டும் சுமார் 2,000 லிட்டர்; குழி 6,000 லிட்டர். பம்பு போதாவிட்டால் ரிக் எவ்வளவு பெரிதானாலும் பயனில்லை. பெரிய உருண்டைக் கற்கள் கலந்த இடத்தில் இரண்டுமே திணறும். சுவரைத் தாங்கும் குழாயான கேசிங்கைக் கூடவே இறக்கிக்கொண்டு போகும் முறை வேண்டும்.

ஒரே வண்டியில் டிடிஎச், மட் ரோட்டரி இரண்டும் உள்ள காம்பினேஷன் ரிக் பற்றிக் கேட்டிருந்தாய். மூன்றில் ஒரு வேலையாவது மண் போராக இருந்தால் எடு. வருஷத்துக்கு நாலைந்துதான் என்றால் அதற்கு வாடகை வண்டி போதும். பயன்படாத மட் பம்பைத் தினமும் சுமந்து திரிய வேண்டாம். லாரி மேல் பொருத்தியதா, சங்கிலிப் பட்டையில் ஊரும் கிராலரா என்பதில் குழப்பமே இல்லை. சாலையோர வேலைக்கு லாரி. ஈர வயல், சரிவு என்றால் கிராலர். ஆனால் அதை ஏற்றிப்போக இன்னொரு வண்டி வேண்டும்.

தூக்கும் திறனையும் கேள். நாலரை அங்குல ராடு, 6 மி.மீ. கனத்தில், 20 அடிக்கு 100 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 1,000 அடிக்கு 50 ராடு, ஏறக்குறைய ஐந்து டன். சிக்கினால் இழுக்க இன்னும் அவ்வளவு வலு கையில் இருக்க வேண்டும், ஆக 10 டன்னுக்குக் குறைந்ததை எடுக்காதே.

பழைய வண்டி பார்க்கப் போனால், நிற்கிற வண்டியைப் பார்த்து விலை பேசாதே. ஓடுகிற துளையில் பார். கம்ப்ரசர் சூடேறிய பிறகும் அழுத்தமானி முள் அதே அழுத்தத்தில் நிற்கிறதா, சுற்றும் வேகத்தை மெதுவாகக் குறைக்க முடிகிறதா என்று கவனி. பாறை கெட்டியாக ஆக ஆகச் சுற்று குறைய வேண்டும். குறையாத வண்டியில் பிட்டின் வெளி வரிசைப் பட்டன்கள்தான் (பாறையை உடைக்கும் கடினக் குமிழ்கள்) முதலில் தேயும், துளை கீழே போகப் போகக் குறுகும், புது பிட்டை மாற்றினால் அதற்குள் இறங்காது. ராடு மரைகளையும் துடைத்துவிட்டுப் பார். முனை கூர்த்துப்போயிருந்தால் அத்தனை ராடும் புதிதாக வாங்க வேண்டியிருக்கும் என்று கணக்கில் வை.

கடைசியாகப் போட்ட போர்களில் எத்தனையாவது அடியில் பாறை, எத்தனையாவது அடியில் தண்ணீர், கேசிங் எவ்வளவு இறங்கியது என்ற விவரத்தை எழுதி அனுப்பு. கம்ப்ரசர் அளவை அதைப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை முன்பணம் கொடுக்காதே.

அன்புடன்,
செல்வராசு